என்னிடம் இருநூறு இல்லை

வியாழன் இரவு, கேரவன் தொழிற்சாலையில்
ஜன்னல் பொருத்தும் வரிசை பழுதாகி நின்ற பத்து நிமிடத்தில்
கையுறையைப் பல்லால் கழற்றி
இருநூறு ‘இல்லை’ வாங்கினேன்.
ஒன்று நாற்பத்து நான்கு பென்ஸ்.

கேள்வி ஒரே வரிதான்:
வெள்ளிக்கிழமை கிழக்குக் கரை வெல்லுமா?
ஆம், ஐம்பத்தேழு.
இல்லை, நாற்பத்து நான்கு.
கூட்டினால் நூற்றொன்று வந்தது.
அந்த ஒன்று யாருக்கு என்று கேட்கவில்லை.
தராசு பிடிக்கிறவன் விரலில்
கொஞ்சம் மாவு ஒட்டத்தான் செய்யும்.

நதி வகிடெடுத்த ஊர் ஹல்.
நான் கிழக்குக் கரைக்காரி.
நாற்பத்தாறு வருடம் டிக்கெட் வாங்கி
இவர்கள் தோற்பதைப் பார்த்திருக்கிறேன்.
ஒரு தோல்வியும் எனக்கு
பஸ் காசு தந்ததில்லை.
பாய்லர் வேறு பிப்ரவரியிலிருந்து இருமுகிறது.
இந்த முறை தோற்றால்
தோல்வி கூலி கொடுக்கட்டும்.

துரோகம் என்று சொல்லாதே.
குடை எடுத்துப் போனவளா
மழையைக் கூப்பிட்டவள்?

நெவில் மேற்கு.
முப்பத்தோரு வருடம் ஒரே கட்டில்;
வருடத்தில் இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை மட்டும்
வேறு வேறு வாசல்.
அன்று பாலத்தைத் தூக்கிவிட்டார்கள், ஏதோ மணல் படகு.
அவன் அந்தப் பக்கமே நின்று
முதல் டிரையைத் தவறவிட்டான்.

பதினோராம் நிமிடம்.
எங்கள் விங்கர் மூலைக்கொடியைக் கட்டிக்கொண்டு விழுந்தான்,
பந்து கோட்டுக்கு உள்ளே.
ஆறு-பூஜ்யம்.
கோட் பைக்குள் என் இல்லை முப்பதாக இளைத்தது.
கத்தினேன். தொண்டை என்னுடையது.
பை யாருடையதோ.

பிறகு மேற்கு ஒன்று, மேற்கு இன்னொன்று.
ஆறு-பத்து.
இல்லை எழுபத்தெட்டு.
பக்கத்து இருக்கை கோர்டன் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தான்.
விற்றுவிடு என்றது கட்டைவிரல்.
பொறு என்றது எதுவென்று
இன்னும் தெரியவில்லை எனக்கு.

எழுபத்தேழாம் நிமிடம், சேற்றில் குவிந்த பதினைந்து பேருக்கு அடியிலிருந்து
ஒரு கை பந்தை வைத்தது.
பத்து-பத்து.
ஓரக்கோட்டிலிருந்து உதை.
பந்து எழுந்தது, காற்றில் யோசித்தது,
கம்பத்தில் பட்டது.

இல்லை!
பத்தாயிரம் வாய் ஒன்றாகச் சொன்னது.
அவர்கள் சும்மா சொன்னார்கள்.
நான் மட்டும்
காசு கொடுத்து வைத்திருந்தேன்.

தங்கப் புள்ளிக்குக் கூடுதல் பத்து நிமிடம்.
யார் உதைத்தாலும் அகலம், குட்டை, அகலம்.
சங்கு ஊதியபோது
பாடுவதா அழுவதா என்று தெரியாமல்
இரண்டு கரையும் ஸ்கார்ஃபை மடித்தன.
சமன் என்றால் என்ன கணக்கு?
பொடி எழுத்தில் இருந்தது:
வெல்லாதது எல்லாம் இல்லை.

வெள்ளை டெலிபோன் கூண்டருகே நெவில் நின்றான்.
பேசாமல் மீன் கடைக்குள் போனோம்.
பேட்டி இரண்டு, ஒரு சிப்ஸ், மேலே சிவப்பு மசாலாத் தூள்.
மேஜையில் குப்புறக் கிடந்த இரண்டு போனும்
ஒரே நொடியில் துடித்தன.

“ஷிஃப்ட் மாற்றியிருப்பார்கள்” என்றான்.
“எனக்கும் அதுதான்” என்றேன்.
வினிகர் எடுக்கக் கை நீட்டியவன் போனைத் தட்டிவிட்டான்.
திரும்பி விழுந்தது.
மேற்குக் கரை வெல்லுமா?
இல்லை. நூற்றைம்பது.

அடுத்தவர் கரையை விற்றிருந்தால்
சிரித்திருப்போம்.

“பாய்லருக்கா?”
“பாய்லருக்கு.”
அவன் காது சிவந்ததை
நான் பார்க்காதது போல் சிப்ஸைக் கிளறினேன்.

தட்டெடுக்க வந்த சின்னப் பெண் கேட்டாள்:
“மேட்ச்தானே? யார் ஜெயித்தது?”

“இல்லை” என்றான் நெவில்.

அவள் கொஞ்சம் நின்றாள்,
மீதி வாக்கியம் வருமென்று.
பிறகு ஈரத்துணியால்
எங்கள் இரண்டு போனையும் ஓரமாய் நகர்த்தி
மேஜையைத் துடைத்தாள்.